தளபதி டி கோலும் மகள் ஆனும்

பாரிஸுக்கு விமானத்தில் செல்பவர்கள் பெரும்பாலும் வந்திறங்குவது சார்லஸ் டி கோல் விமான நிலையத்தில்தான். வரலாற்றுப் பாடம் படித்த மாணவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, லண்டன் வானொலி வழியாகப் போராட்டத்தைத் தொடரும்படி நாட்டு மக்களை அழைத்தவர் அவர். பின்னாளில் பிரான்சின் அதிபராகப் பத்தாண்டுகள் ஆட்சி செய்தவர். ஏறத்தாழ ஆறரை அடி உயரம், கண்டிப்பான பேச்சு, எவரிடமும் எளிதில் நெருங்காத குணம். உலகம் அறிந்த டி கோல் இவர்.

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த மகளை இருபது ஆண்டுகள் வீட்டில் வைத்து வளர்த்த தந்தையும் இவரே. அந்தக் கதை பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை.

ராணுவமே வாழ்க்கை

டி கோல் 1890ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி வடபிரான்சின் லீல் நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஆசிரியர். கத்தோலிக்க சமய நம்பிக்கையில் ஊறிய குடும்பம். சேன் சீர் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் படித்து அதிகாரியான அவர், முதல் உலகப் போரில் பலமுறை காயமடைந்தார். 1916இல் வெர்டன் போர்க்களத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். சிறையிலிருந்து ஐந்து முறை தப்ப முயன்றும் முடியவில்லை. போர் முடிந்த பிறகே வீடு திரும்பினார்.

1921ஆம் ஆண்டு ஏப்ரலில் கலே நகரைச் சேர்ந்த இவோனை மணந்தார். இவோனின் குடும்பத்தினர் பிஸ்கட் தயாரிப்புத் தொழிலில் இருந்தவர்கள். முதலில் மகன் பிலிப், அடுத்து மகள் எலிசபெத். மூன்றாவது குழந்தை 1928ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் பிறந்தது. டி கோல் அப்போது ஜெர்மனியின் டிரியர் நகரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஆன் என்று பெயரிட்டார்கள்.

காரணம் தெரியாத காலம்

ஆனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. மனித உயிரணுவில் வழக்கமாக 46 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோமில் ஒன்று கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் கருவணு உருவாகும்போது நேரும் ஒரு பிரிவுப் பிழைதான் இதற்குக் காரணம். பெற்றோர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

இன்று உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் தெரிந்த இந்த உண்மை 1928இல் எந்த மருத்துவருக்கும் தெரியாது. பெற்றோரின் குடிப்பழக்கமோ பால்வினை நோயோ காரணமாக இருக்கலாம் என்று படித்தவர்கள்கூட நம்பினார்கள். குடும்பத்தின் மேல் பழி விழுந்தது. அதனால் வசதி படைத்த பலர் இத்தகைய குழந்தைகளைத் தொலைதூர இல்லங்களில் சேர்த்துவிட்டு, அப்படி ஒரு பிள்ளை இருப்பதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்தார்கள். மருத்துவர்களும் அதையே அறிவுரையாகக் கூறுவதுண்டு. அக்குழந்தைகளில் பலர் பத்து வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்தது.

டி கோல் தம்பதியர் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனை வீட்டிலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தார்கள். ஆன் நலமடைவாள் என்றால் பதவி, பணம், எதிர்காலம் எல்லாவற்றையும் விட்டுவிடத் தயார் என்று இவோன் ஒரு தோழிக்கு எழுதினார். அடுத்த ஆண்டு டி கோலுக்கு பெய்ரூட்டில் பணி கிடைத்தபோது ஆனும் குடும்பத்தோடு கப்பல் ஏறினாள்.

ராணுவத் தொப்பியோடு விளையாட்டு

1934இல் டி கோல் கொலோம்பே லே தேசெக்லீஸ் என்ற சிற்றூரில் ஒரு வீடு வாங்கினார். பாரிஸிலிருந்து கிழக்கே வெகு தொலைவில், காடும் வயலும் சூழ்ந்த ஊர் அது. ஆன் அமைதியான சூழலில், அந்நியர்களின் உற்றுப் பார்வை இல்லாமல் நடமாட வேண்டும் என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் நன்றாக நடக்க முடியவில்லை. பேச்சும் மிகக் குறைவு. அருகிலேயே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். பராமரிக்க ஒரு செவிலி அமர்த்தப்பட்டிருந்தார். இருந்தாலும் தந்தை வீட்டில் இருக்கும் நேரம் ஆனுடைய நேரம். அவர் மகளின் கையைப் பிடித்துத் தோட்டத்தில் நடப்பார். மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவார், கதை சொல்வார். தம் ராணுவத் தொப்பியை அவளிடம் விளையாடக் கொடுப்பார். மற்ற இரு பிள்ளைகளிடமும் கண்டிப்பாக நடந்துகொண்ட அதே மனிதர், ஆனிடம் மட்டும் அந்த இறுக்கத்தை எல்லாம் மறந்துவிடுவார். 1930களில் பிரித்தானி கடற்கரையில் எடுத்த ஒரு படம் இதற்குச் சாட்சி. கோட்டும் சூட்டும் அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் டி கோல், மடியில் இருக்கும் சிறுமியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உலகத் தலைவர்களின் ஆல்பத்தில் அப்படி ஒரு படம் அபூர்வம்.

ஆனின் பிறப்பு தங்களுக்கு ஒரு சோதனையாக வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அவளே தம் மகிழ்ச்சி என்றும், வெற்றி தோல்விகளுக்கு அப்பால் பார்க்க அவள் தமக்கு உதவுகிறாள் என்றும் 1940இல் படைப்பிரிவின் பாதிரியார் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினார்.

போரின் நடுவே

அதே 1940இல் ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்தன. ஜூன் 17ஆம் தேதி டி கோல் லண்டனுக்குப் பறந்தார். மறுநாள் பிபிசி வானொலியில் பேசினார். இவோன் பிள்ளைகளையும் செவிலியையும் அழைத்துக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்தில் கடைசி நேரத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்து சேர்ந்தார்.

அவர்கள் பிரான்சில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹிட்லரின் அரசு 1933லேயே உடற்குறையும் மனநோயும் உள்ளோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டம் இயற்றியிருந்தது. 1939 ஆகஸ்ட்டில், டவுன் சிண்ட்ரோம் உட்பட சில குறைபாடுகளுடன் பிறக்கும் குழந்தைகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் ரகசிய ஆணை போனது. தெரிவிக்கப்பட்ட குழந்தைகளில் பலர் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டார்கள். 1940, 1941ஆம் ஆண்டுகளில் பெரியவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் மாண்டார்கள். ஆன் பிறந்த நாடு ஜெர்மனி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாழத் தகுதியற்ற உயிர் என்று ஓர் அரசு முத்திரை குத்திய அதே காலத்தில், அந்த அரசை எதிர்த்துப் போராடிய தலைவர் அப்படிப்பட்ட ஒரு மகளோடு ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டிருந்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனை விட்டு இங்கிலாந்தின் கிராமங்களுக்கும், 1943இல் அல்ஜியர்ஸ் நகருக்கும் ஆன் குடும்பத்தோடு சென்றாள்.

நமக்குப் பிறகு யார்?

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் எந்தப் பெற்றோரிடம் கேட்டாலும் ஒரு கவலை கடைசியில் வெளிவரும். நாங்கள் போன பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இவோனுக்கும் டி கோலுக்கும் அதே கவலை. ஆனால் அவர்கள் தங்கள் மகளோடு நின்றுவிடவில்லை. பணம் உள்ளவர்களாலேயே சமாளிக்க முடியாததை ஏழைக் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கும் என்று யோசித்தார்கள்.

போர் முடிந்த 1945இல் பாரிஸுக்கு அருகே மிலோன் லா ஷப்பெல் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையை வாங்கினார்கள். வசதியற்ற குடும்பங்களைச் சேர்ந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்கான இல்லமாக அதை மாற்றினார்கள். ஆன் டி கோல் அறக்கட்டளை அப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் பிரான்சின் அதிபரான ஜார்ஜ் பொம்பிடு, தொடக்க காலத்தில் அதன் கணக்கு வழக்குகளைக் கவனித்தவர். 1954 முதல் வெளிவந்த தம் போர் நினைவுக்குறிப்புகளின் வருமானத்தையும் டி கோல் இந்த அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். அது இன்றும் இயங்குகிறது.

ஆன் 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி நுரையீரல் தொற்றால் காலமானார். அப்போது வயது இருபது. கொலோம்பே தேவாலயத்தின் சிறிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

மறைத்தாரா, காத்தாரா?

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். டி கோல் தம் மகளைப் பொதுமேடைக்கு அழைத்து வரவில்லை. பத்திரிகைப் படக்காரர்களை அண்டவிடவில்லை. இது பார்வையை மாற்றும் செயலா, மறைக்கும் செயலா?

ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான டேல் எவன்ஸுக்கு 1950இல் டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு மகள் பிறந்தாள். இரண்டு வயதில் அவள் இறந்த பிறகு, எவன்ஸ் அவளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1953இல் வெளிவந்த அது லட்சக்கணக்கில் விற்றது. அதைப் படித்த பெற்றோர் பலர், அதுவரை வீட்டுக்குள் வைத்திருந்த பிள்ளைகளை அவருடைய நிகழ்ச்சிகளுக்கு அழைத்து வந்தார்கள். டி கோலின் மௌனத்தால் அப்படி ஒரு மாற்றம் நேர்ந்திருக்க முடியாது.

ஆனால் ஆனின் கருத்தை யாரும் கேட்டறிய முடியாத நிலையில், அவளைக் காட்சிப்பொருளாக்காமல் காத்ததும் ஒரு மரியாதைதான். சமூக ஊடகங்களில் பிள்ளைகளின் படங்களைத் தயங்காமல் பகிரும் நம் காலத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும். டி கோல் பேசாமல் செய்தது வேறொன்று. மகளை வீட்டிலிருந்து அனுப்பவில்லை; மகளின் பெயரை மறைக்காமல் ஓர் அறக்கட்டளைக்குச் சூட்டினார்.

பெயரும் மாறியது

1959 ஜனவரியில் டி கோல் அதிபராகப் பொறுப்பேற்றார். அதே மாதம் பாரிஸில் ரேமோன் டுர்பான், மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜோன் ஆகியோர் அந்தக் கூடுதல் குரோமோசோமைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோர் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு அறிவியல் முற்றுப்புள்ளி வைத்தது. ஆன் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதுவரை இந்நிலைக்கு மங்கோலிய இனத்தின் பெயரைச் சொல்லி வந்தார்கள். 1961இல் அறிவியலாளர் குழு ஒன்று அதை மாற்றக் கோரியது. மங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று 1965இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. 1866இல் இந்நிலையை முதலில் விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் லாங்டன் டவுனின் பெயரே நிலைத்தது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறிக்கும் வகையில், மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினமாக 2006 முதல் அனுசரிக்கப்படுகிறது. அதன் இணையத்தளத்தைத் தொடக்க ஆண்டுகளில் நடத்தியது சிங்கப்பூரின் டவுன் சிண்ட்ரோம் சங்கம். இன்று மருத்துவ வசதியுள்ள நாடுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் அறுபது வயது வரை வாழ்கிறார்கள். பள்ளிக்குச் செல்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள்.

எளிய கல்லறை

டி கோல் 1969இல் பதவி விலகி கொலோம்பேக்குத் திரும்பினார். 1970 நவம்பர் 9ஆம் தேதி அங்கேயே காலமானார். தம் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை 1952லேயே எழுதி வைத்திருந்தார். அரசு மரியாதையோ அமைச்சர்களின் உரையோ வேண்டாம். கொலோம்பேயில் மகள் ஆன் இருக்கும் கல்லறையிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பதே அதில் இருந்தது. உலகத் தலைவர்கள் பாரிஸில் கூடி அஞ்சலி செலுத்தியபோது, அவருடைய உடல் ஊர் மக்கள் சூழ அந்தக் கிராமத்திலேயே அடக்கமானது. 1979இல் இவோனும் அங்கே வந்து சேர்ந்தார். பெயரும் ஆண்டுகளும் மட்டுமே பொறித்த அந்த வெள்ளைக் கல்லறையைப் பார்க்க இன்றும் மக்கள் வருகிறார்கள்.