துபாசி ஆனந்தரங்கர்

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியை ஆண்டவர் பிரெஞ்சுக்காரர். எனினும், அந்நகரில் துணி கொள்முதல் செய்யவோ, குடிமக்களின் வழக்கைக் கேட்கவோ, நவாபுக்குக் கடிதம் விடுக்கவோ பிரெஞ்சு ஆளுநரால் தனித்து இயலாது. நாட்டு மொழியும் ஐரோப்பிய மொழியும் அறிந்து, இருதிறத்தார்க்கும் இடைநின்று காரியம் முடிக்க வல்லார் ஒருவர் வேண்டும். அவரே துபாசி எனப்பட்டார். இருமொழியாளர் என்பது அச்சொல்லின் பொருள். மொழிபெயர்ப்பதோடு அவர் பணி முடிந்துவிடாது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்த வணிகர் குறித்த நாளில் சரக்கு அனுப்பாவிடினும், கம்பெனியின் கருவூலத்தில் பணமில்லாது போயினும் ஆளுநரின் சினம் முதற்கண் அவர் மேலேயே பாயும். அப்பதவியில் புகழின் உச்சியை எய்தியவர் ஆனந்தரங்கம் பிள்ளை.

அவர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். திருவேங்கடரின் மைத்துனராகிய நைனியப்பப் பிள்ளை அந்நாளில் புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக விளங்கினார். அவர் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடர் குடும்பத்தோடு அந்நகருக்குக் குடிபெயர்ந்தார்.

நைனியப்பர் பெருஞ்செல்வர். செல்வம் பெருகப் பெருகப் பகைவரும் பெருகினர். 1716-ஆம் ஆண்டு ஆளுநர் ஏபேர் அவர்மீது குற்றஞ்சாட்டிச் சிறையில் இட்டார். கடைவீதியில் பலர் காண ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அவர் சிறையில் உயிர்நீத்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு நாடு சென்று முறையிட்டார். தந்தையார் குற்றமற்றவர் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. குருவப்பருக்கே துபாசிப் பதவியும் கிடைத்தது. ஆயினும், போன உயிர் மீண்டு வருமா? நைனியப்பரோடு திருவேங்கடரும் அன்று சிறைப்பட்டார். அப்பொழுது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு. பிற்காலத்தில் தாம் ஏறவிருந்த பீடத்திலிருந்து உறவினர் ஒருவர் எவ்வாறு வீழ்த்தப்பட்டார் என்பதை அறிந்தே அவர் வளர்ந்தார்.

1726-இல் தந்தையார் மறைந்தார். இளைஞராகிய ஆனந்தரங்கரின் திறமையை ஆளுநர் லெனுவார் நன்குணர்ந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த கம்பெனியின் வணிகச் சாலையை அவர் பொறுப்பில் விட்டார். அங்கு வாணிகம் தழைத்தது. தம் சொந்த வாணிகத்தையும் அவர் பெருக்கினார். ஆனந்தப்புரவி என்னும் கப்பல் அவருடையதே. 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

1742-இல் தூப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். அப்பொழுது தலைமைத் துபாசியாக இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கிறித்தவப் பெருவணிகர். அவர் 1746-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் காலமானதும் அவர் இடத்துக்குப் பலர் முனைந்தனர். கிறித்தவர் ஒருவரே அப்பதவிக்கு உரியவர் எனக் குருமார் சிலர் வற்புறுத்தினர். தூப்ளேயோ ஆனந்தரங்கரின் ஆற்றலை நேரிற் கண்டவர். காரியங்களை அவரிடமே ஒப்படைத்தார். பதவி கைக்கு வந்த அன்றே அதைப் பறிக்க எண்ணியவரும் உடன் வந்தனர் எனலாம்.

அவர்களுள் முதல்வராக நின்றவர் தூப்ளேயின் மனைவியாகிய ழான் அம்மையார். அவர் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேச வல்லவர். ஆளுநரின் இல்லத்திலேயே தமிழறிந்த ஒருவர் இருக்கும்பொழுது துபாசியின் செல்வாக்கு என்னாவது? குறையிரந்து வருவோர் பலர் நேரே அம்மையாரிடம் சென்றனர். கணவர் ஆனந்தரங்கரைப் போற்றினார்; மனைவியார் அவரை வெறுத்தார். காலையில் பெற்ற நன்மதிப்பு மாலைவரை நிலைக்குமோ என்ற ஐயத்தோடே அவர் நாளைக் கழிக்க வேண்டியிருந்தது.

1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. மக்கள் மனம் கொதித்தனர். ஆனந்தரங்கரோ திருமாலிடத்தும் சிவபெருமானிடத்தும் பக்தி பூண்டவர். தடுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. தடுக்கவில்லையே என்ற வருத்தம் மக்களுக்கு இருந்தது. ஊரார் பார்வையில் அவர் ஆளுநரின் வலக்கை. ஆளுநர் பார்வையில் அவர் ஏவல் செய்வோருள் ஒருவர். எனக்குத் தோன்றுவது, அவர் வாழ்வில் இதனினும் கொடிய நாள் வேறொன்று இருந்திராது என்பதே.

அடுத்த ஆண்டு சிறப்புகள் வந்து குவிந்தன. முசபர் சங்கு அவருக்கு மூவாயிரம் குதிரைப்படைக்கு உரிய மன்சப் பட்டமும் செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் வழங்கினார். ஆளுநர் மாளிகையின் முற்றம் வரையிற் பல்லக்கிற் செல்லவும், தங்கப்பூண் இட்ட கைத்தடி ஏந்தவும் அவர் உரிமை பெற்றிருந்தார். தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் புலவர்கள் அவர்மீது நூல் இயற்றினர். பரிசில் பெற்ற புலவர்கள் பல்லக்கைப் பாடினார்கள். பல்லக்கினுள் இருந்தவரின் உறக்கமின்மையைப் பாடவில்லை.

அதனை அவரே எழுதிவைத்தார். கப்பல் வந்ததும், பீரங்கி முழங்கியதும், சரக்கின் விலையும் மட்டுமல்ல. தம்மைப் பற்றி யார் யாரிடம் கோள் சொன்னார் என்பதும், ஆளுநர் முகம் எப்பொழுது மலர்ந்தது, எப்பொழுது சுருங்கியது என்பதும் அக்குறிப்பில் உள்ளன. வெளியே ஒருவரிடமும் சொல்லலாகாதவற்றை ஏடு கேட்டுக்கொண்டது. அதன் நடை பேச்சு நடை. உருதுச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் கலந்து வரும். இலக்கணம் கற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். அக்காலத்துப் புதுச்சேரித் தெருவிலே மக்கள் பேசிய தமிழை அறிய இதனினும் சிறந்த சான்று நமக்கு இல்லையாதலின், யான் முகஞ்சுளியேன்.

போர்ச்செலவு மிகுந்தது; நிலவரி நிருவாகத்தில் அம்மையாரின் ஆதரவு பெற்ற பாப்பையா பிள்ளை மேலோங்கினார். 1754-இல் தூப்ளே திரும்ப அழைக்கப்பட்டுத் தாயகம் சென்றார். பேணியவர் அகன்றார், உடல்நலமும் குன்றியது. 1756-இல் ஆனந்தரங்கர் பதவியினின்று நீக்கப்பட்டார். அதன் பின்னரும் நாட்குறிப்பை அவர் கைவிடவில்லை.

1760-ஆம் ஆண்டு ஆங்கிலப் படை மீண்டும் நகரைச் சூழ்ந்தது. உணவின்றி மக்கள் வாடினர். நோயுற்றிருந்த ஆனந்தரங்கர் 1761-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் இயற்கை எய்தினார். நான்கு நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாயின.

நாட்குறிப்பு அவ்வழிவிற்குத் தப்பியது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தார் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். பின்னர்த் தமிழ் மூலமும் அச்சேறியது. புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதி ரங்கபிள்ளை வீதி என்றே வழங்குகிறது.