சக்கர நாற்காலியில் வந்தார்... நின்றவர்களை வென்றார்! - நெரோலி ஃபேர்ஹால் கதை

பாராலிம்பிக்ஸ் தெரியும்... சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒலிம்பிக்ஸில் போட்டியிட்ட முதல் வீராங்கனையைத் தெரியுமா? அவர் பெயர் நெரோலி ஃபேர்ஹால். ஊர், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்.

1944-ல் பிறந்தவர். 1969-ல் ஒரு மோட்டார் பைக் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இருபதுகளின் நடுவில் இருக்கிற ஒரு பொண்ணுக்கு இப்படி நடந்தா, 'இனி வீட்டோட இரும்மா'ன்னு சொல்லத்தான் ஆள் இருக்கும். ஆனா நெரோலி மைதானத்துக்குப் போனார். மூன்றே வருஷத்தில், 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் நியூசிலாந்துக்காகத் தடகளத்தில் களமிறங்கினார்.

அப்புறம்தான் வில் அவர் கைக்கு வந்தது. 1980-ல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் நடந்த பாராலிம்பிக்ஸில், வில்வித்தையில் தங்கம்!

நின்றவர்களோடு ஒரு போட்டி

அதோடு நிறுத்தியிருந்தாலே பெரிய சாதனைதான். அவர் நிறுத்தலை. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் காமன்வெல்த் போட்டி. வில்வித்தை அதில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட வருஷம் அது. தனிப் பிரிவெல்லாம் கிடையாது. மற்றவர்கள் நின்று எய்ய, இவர் உட்கார்ந்து எய்தார்.

70, 60, 50, 30 மீட்டர் என நான்கு தூரங்கள். ஒவ்வொன்றிலும் 36 அம்புகள். இதை இரண்டு சுற்று முடிக்கணும். மொத்தம் 288 அம்புகள்! கடைசி அம்பும் பாய்ந்த பிறகு பார்த்தால், நெரோலியும் வடக்கு அயர்லாந்தின் ஜேனட் யேட்ஸும் 2,373 புள்ளிகளோடு சமநிலை. சமநிலையை உடைக்கும் விதிப்படி கணக்குப் போட்டுப் பார்த்ததில், தங்கம் நெரோலிக்கு!

உடனே கேள்வியும் கிளம்பியது. உட்கார்ந்து எய்வது ஈஸிதானே, அது கூடுதல் சாதகம் இல்லையா என்று. தான் ஒருநாளும் நின்று எய்ததில்லை, அதனால் வித்தியாசம் தெரியாது என்ற அர்த்தத்தில் கூலாகப் பதில் சொல்லிவிட்டார்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. நின்று எய்கிறவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இடுப்பால் உடம்பை நிலைநிறுத்துவார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அந்தப் பிடிமானமே கிடையாது. முழு வேலையும் முதுகுக்கும் தோளுக்கும்தான். போதாக்குறைக்கு, வில்லின் கீழ்முனை சக்கரத்தில் இடிக்காமலும் பார்த்துக்கணும். சாதகம் எங்கே இருக்கு?

லாஸ் ஏஞ்சல்ஸில் வரலாறு

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர் ஒலிம்பிக்ஸில் பங்கேற்றது அதுதான் முதல்முறை. நெரோலிக்குக் கிடைத்தது 35-வது இடம். பதக்கம் இல்லை. ஆனா, அவர் திறந்த கதவு அப்புறம் மூடவே இல்லை. 1996-ல் இத்தாலியின் பாவ்லா ஃபான்டாட்டோ, 2016-ல் ஈரானின் ஜஹ்ரா நெமாட்டி என சக்கர நாற்காலி வில்லாளிகள் அதே ஒலிம்பிக்ஸ் களத்துக்கு வந்தார்கள்.

நெரோலியும் ஓய்ந்துவிடவில்லை. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் மறுபடி வில்லோடு வந்தபோது அவருக்கு வயது 56! சொந்த ஊரில் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 ஜூனில், 61 வயதில் காலமானார்.

அடுத்த தடவை யாராவது 'உன்னால இது முடியாது, உனக்குன்னு தனியா இருக்கிறதுல சேர்ந்துக்கோ'ன்னு சொன்னா, பிரிஸ்பேனின் அந்த 288 அம்புகளை நினைச்சுக்கோங்க. எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே இலக்கு. நெரோலி கேட்டதும் அவ்வளவுதான்!