கடலைத் தீட்டிய கோவைக்காரர்

எங்கள் ஆட்டையாம்பட்டியில் கடல் இல்லை. எங்களுள் பலர் கடலைப் படத்தில்தான் கண்டிருக்கிறோம். கடலோரத் தென்னந்தோப்புகளையும் காயல்களையும் படகுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய ஒருவர், 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர் என்று அறிந்து வியந்தோம். அவரே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. ஆனால் தந்தையார் மறையவே, படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு; எங்களைவிட மூன்றே வயது மூத்தவர்! குடும்பத்தைத் தாங்கினார், தூரிகையையும் விடவில்லை. 1936இல், 25ஆம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவரானார். பின் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வருமானார்.

நீர்வண்ணம் பிடிவாதமானது. தவறாக இட்ட வண்ணத்தை மேலே பூசி மறைக்க முடியாது. (நாங்கள் முயன்றதில் தாள் கிழிந்ததுதான் மிச்சம்!) பணிக்கரோ கேரளத்து வெயிலையும் நீரையும் அப்படியே தாளில் இறக்கினார். பிற்காலத்தில் அந்தப் பாணியையும் விட்டு, 1963 முதல் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த படங்களைத் தீட்டினார்.

ஓவியம் படித்த மாணவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கவலை அவரை வாட்டியது. வழியும் கண்டார். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளைச் செய்து எல்லாரும் விற்றார்கள். தறி ஓசையில் வளர்ந்த எங்களுக்கு அந்த உழைப்பு புரிகிறது. அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள்.

1977இல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. சென்னை செல்லும் தோழியர் கடலையும் அதையும் ஒருசேரப் பார்த்து வரலாம்.