மானிப்பாய் வைத்தியர் கிறீன்

இளமையில் நூலகமொன்றில் மனுஷ அங்காதிபாதம் என்னும் தடித்த நூலொன்று என் கைக்கு அகப்பட்டது. பெயரைக் கண்டவுடனே முகஞ் சுளித்தேன். மனித உடல் என்றெழுதலாகாதா என்று குறைகூறி, இரண்டு ஏட்டையேனும் புரட்டாமல் மூடிவைத்தேன். இலக்கணம் படித்த செருக்கு அது. அந்நூலைத் தமிழுக்குத் தந்தவர் வரலாற்றை அறிந்த பின்னரே என் பிழை விளங்கிற்று.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியங் கற்று 1845இற் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசன் அவரை 1847இல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. 1820 தொடக்கம் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் செய்த வைத்தியப் பணியின் வழியில் வந்தவர் இவர். 1848இல் மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்த்ததோடு மாணாக்கரையுஞ் சேர்த்தார். அவர் வந்தது தம் மதத்தைப் பரப்பவே. அதை மறைத்தெழுதுதல் நேர்மையன்று. சைவனாகிய எனக்கு அந்நோக்கத்தில் உடன்பாடுமில்லை. எனினும் தம்மிடங் கற்றவர் தமிழர் உடையையும் நடையையும் கைவிடலாகாதென்று விரும்பிய மிசனரி அவர். இதை நம்மவர் பலர் அறியார்.

முதல் மாணாக்கர் ஆங்கிலத்திற் கற்றனர். ஆங்கிலத்திற் கற்றவர் அரசினர் உத்தியோகத்தை நாடிச் செல்வர், தமிழிற் கற்றவரே கிராமத்தில் நின்று ஊராரைப் பார்ப்பர் என்பது கிறீனுடைய கணிப்பு. 1857இல் தாய்நாடு சென்று, 1862இல் மணமுடித்து மீண்டவர், பின்னர்த் தமிழிலேயே வைத்தியம் போதிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வைத்தியராயினோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் தமிழிற் கற்றவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! நூலுக்குச் சொல் வேண்டும். முதலிலே தமிழிற் சொல் தேடுவார், இல்லையேல் வடமொழியில், அங்கும் இல்லையேல் ஆங்கில ஒலியைத் தமிழ்ப்படுத்துவார். அறுவைச் சிகிச்சை பற்றிய நூலுக்கு நம்மூரார் வாயில் வழங்கும் சொல்லையே கொண்டு இரணவைத்தியம் என்று பெயரிட்டார் (1867). உடலமைப்பு நூலாகிய அங்காதிபாதம் 1872இலும், இரசாயன நூலாகிய கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் என்ற பெயரைக் கேட்டு நகைப்போர் நகைக்கட்டும். மாணாக்கர் மொழிபெயர்க்க அவர் திருத்தியவையும் இவற்றுட் பல. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

1873இல் நோயுற்ற உடலோடு அவர் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் பிரதிகளைத் திருத்துதலை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883இல்தான் அச்சேறியது. யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறாயிற்று. 1870இற் கொழும்பில் ஆங்கில வழி வைத்தியக் கல்லூரி தோன்றியிருந்தது. நம்மவர் அவ்வழியையே விரும்பினர். மானிப்பாய்த் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

சுகரணம் என்பதை இன்று உடற்றொழிலியல் என்கிறோம். நல்ல சொல்தான், நானும் மகிழ்கிறேன். ஆயினும் பாடசாலையில் அச்சொல்லைக் கற்கும் நம் பிள்ளை, வைத்திய பீடத்து வாயிலில் அதனைக் கழற்றிவைத்துவிட்டே உட்புகுகிறது. மனுஷ என்னும் சொல்லைப் பழித்த நான் இதற்கு என்ன செய்தேன்?

கிறீன் 1884ஆம் ஆண்டு வூஸ்ரரிற் காலமானார். தாம் தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்பதைக் கல்லறையிற் பொறிக்கும்படி விரும்பியிருந்தார். தமிழர் பெயர் அக்கல்லில் இருக்கிறது.