தொப்பி தைத்த மாமன்னர்

கிழிந்த ஆடையைத் தைத்து அணிவது இழிவன்று, அது நபிவழியாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தங்கள் ஆடையின் கிழிசலைத் தாங்களே தைத்துக் கொண்டார்கள்; காலணியையும் தாங்களே செப்பனிட்டார்கள். இதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அரியணையில் அமர்ந்த பின்னரும் ஊசியைக் கைவிடாத ஒருவரை நம் நாட்டு வரலாற்றிலும் காண்கிறோம். அவரே மாமன்னர் அவுரங்கசீப் ஆலம்கீர்.

ஷாஜகான், மும்தாஜ் மகால் ஆகியோரின் மகனாக 1618-ஆம் ஆண்டு குஜராத்தின் தாஹோத் நகரில் பிறந்த அவர், 1658-இல் அரியணை ஏறினார். அரசரான பின்னரே திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தார். காபூலிலிருந்து தென்னகம் வரை அவருடைய ஆணை செல்லுபடியாயிற்று. 1694-இல் அவருடைய தளபதி சுல்பிகார் கானின் படை காவிரிக் கரைக்கே வந்தது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜி கப்பம் செலுத்த இசைந்தார். நெல் கொழிக்கும் சோழவள நாட்டின் செல்வமும் மொகலாயக் கருவூலத்தை நாடிச் சென்றது.

அவருடைய ஆட்சியைப் பற்றிப் பலவகைக் கருத்துகள் உண்டு. நாம் இங்கே காண்பது அவருடைய ஊசியை மட்டுமே. அத்தனை செல்வத்திற்கும் அதிபதியான அவர், ஓய்வு வேளையில் தொப்பிகள் தைத்தார். திருமறையைத் தம் கையாலேயே பிரதி எடுத்தார். அந்த உழைப்பின் ஊதியத்தைத் தமக்கெனத் தனியே வைத்திருந்தார்.

1707-ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், அகமது நகரில் அவர் உயிர் பிரிந்தது. அவருடையதென வழங்கும் மரண சாசனம் நம் நெஞ்சை உருக்குகிறது. தொப்பி தைத்துச் சேர்த்த நான்கு ரூபாய் இரண்டணாவைக் கொண்டே தமக்குக் கபன் வாங்க வேண்டும் என்று அதில் பணித்திருந்தார். குர்ஆன் எழுதிப் பெற்ற முந்நூற்றைந்து ரூபாயைக் கபனுக்குச் செலவிடாமல், ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சொன்னார். தந்தை உறங்குவது தாஜ்மகாலில். மகன் உறங்குவதோ குல்தாபாத்தில், கூரையில்லாத ஓர் எளிய மண்ணறையில்!

இதில் நம் இல்லங்களுக்குப் பாடம் இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையே கையைச் சுருக்கி வாழும் தஞ்சைத் தரணியின் குடும்பங்கள், கைக்காசின் அருமையை நன்கறிந்தவை. பெருநாளுக்குப் புத்தாடை எடுப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதற்காகக் கடன்படுவதும், சிறு கிழிசலுக்காக நல்ல துணியை ஒதுக்குவதும் முறையாகுமா? வீண் விரயத்தைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. மகனின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் தாயும், தம் கைலியின் கிழிசலைத் தாமே மூட்டிக்கொள்ளும் தந்தையும் கஞ்சர்கள் அல்லர். அவ்வாறு மிச்சமாகும் காசு பிள்ளையின் பாடநூலாகலாம். அண்டை வீட்டு ஏழையின் ஒருவேளை உணவாகலாம்.

மாமன்னருக்கு இறுதியில் துணைவந்தது கருவூலமன்று. ஊசி ஈட்டிய நான்கு ரூபாயே. ஹலாலான உழைப்பையும் சிக்கனத்தையும் நமக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.