ஜி. டி. நாயுடு

கோபாலசாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர். ஜி. டி. நாயுடு என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர். முறையான பொறியியல் கல்வி பெறாமலேயே மோட்டார் வாகனத் துறையிலும் மின்பொறித் துறையிலும் சாதனை புரிந்தார்.

இளமை

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மீது ஆர்வம் கொண்டார். கோயம்புத்தூரில் உணவு விடுதிப் பணியாளராக வேலை செய்து, சேர்த்த பணத்தில் அவ்வண்டியை வாங்கினார். அதனை ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், முழுவதும் பிரித்து, மீண்டும் பூட்டி, அதன் இயக்கத்தைத் தாமே கற்றுக்கொண்டார். இப்பயிற்சியே பின்னாளில் அவரை மெக்கானிக்காக ஆக்கியது.

போக்குவரத்துத் தொழில்

1920 இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழிலைத் தொடங்கினார். அவ்வண்டியைத் தாமே ஓட்டினார். இது பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்) என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

கண்டுபிடிப்புகள்

1937 இல் பீளமேட்டிலிருந்த இவரது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தயாரித்தது. அதனை வடிவமைத்தவர் தா. பாலசுந்தரம் நாயுடு ஆவார். உலர் மின்கலத்தால் இயங்கும் ராசன்ட் சவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி ஆகியவையும் இவருடைய படைப்புகள்.

சிறிய கார்

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி கார் உற்பத்திக்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது. உரிமம் மறுக்கப்பட்டதால் உற்பத்தி நின்றுபோனது. நடுத்தர மக்களுக்கான சிறிய கார் பரவலாகக் கிடைக்க மேலும் மூன்று பத்தாண்டுகள் ஆயின. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, இயந்திர ஆற்றலை இரு தண்டுகள் வழியே முன்சக்கரங்களுக்கே செலுத்தும் வகையைச் சேர்ந்தது.

கல்விப் பணி

1945 இல் கோயம்புத்தூரில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நான்காண்டுப் பொறியியல் படிப்பு நீளமானது என்றும், செய்முறைப் பயிற்சியுடன் கூடிய இரண்டாண்டுகளே போதும் என்றும் கருதினார்.

மறைவும் நினைவும்

1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.