அப்போலினேரும் பாரிசு ஓவியர்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரில் தோன்றிய புத்தோவியத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் கவிஞர் கியோம் அப்போலினேரின் பெயரைக் கடந்து செல்வதில்லை. ஆயினும் அவரை ஓவியத் திறனாய்வாளராக மட்டும் வைத்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். அவர் பெரிதும் போற்றிய ஓவியர்களுள் ஒருவரான ஜார்ஜ் பிராக்கே, தம் நண்பருக்கு ஓவிய நுட்பம் தெரியாது என்னும் கருத்தைப் பிற்காலத்தில் வெளியிட்டார். இம்மதிப்பீடு தவறன்று, ஆனால் போதாது. அப்போலினேர் ஓவியத்திற்கு வெளியே நின்று தீர்ப்பு வழங்கியவரல்லர். ஓவியரோடு கூடி வாழ்ந்தவர். அக்கூட்டுறவின் பயனை அவருடைய திறனாய்வைக் காட்டிலும் அவருடைய கவிதையிலேயே தேடவேண்டும்.

அவர் 1880 ஆகஸ்டு 26 அன்று உரோமில் பிறந்தார். தாய் போலந்து உயர்குடியைச் சார்ந்தவர். தந்தையோ அவரைத் தம் மகனென ஏற்றுக்கொள்ளவில்லை. மொனாக்கோவில் பள்ளிக்கல்வி பெற்று, 1899இல் பாரிசு வந்து, வங்கியில் எழுத்தராகப் பணியாற்றினார். பிரெஞ்சில் எழுதினாரேயன்றி அவர் பிரெஞ்சுக் குடிமகன் அல்லர். இதனை நினைவில் கொள்ளல் தகும்.

மோன்மார்த்தர் குன்றின்மேல் பாழடைந்த மரக்கட்டடம் ஒன்றில் பிக்காசோ வாழ்ந்துவந்தார். கவிஞர் மாக்ஸ் ழாக்கோபும் அப்போலினேரும் அங்கு நாள்தோறும் எனத்தக்க அளவில் கூடினர். கவிஞர்கள் சந்திக்குமிடம் என்று பிக்காசோ தம் கதவிலேயே எழுதிவைத்திருந்தார் என்பர். 1905இல் பிக்காசோவின் கழைக்கூத்தாடி ஓவியங்களைப் பற்றி எழுதியவர் அப்போலினேர். 1907இல் பிராக்கைப் பிக்காசோவிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. அவ்வாண்டிலேயே பிக்காசோ வழியாக ஓவியர் மரி லொரான்சன் அவருக்கு அறிமுகமானார். சுங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவரான ஆன்ரி ரூசோ, 1909இல் அவ்விருவரையும் வைத்து ஓவியம் தீட்டியபோது கவிஞரின் முகத்தை அளவெடுத்தே வரைந்தார். கவிஞர் பெயரால் வழங்கும் மலரைத் தீட்ட எண்ணியவர் வேறு மலரைத் தீட்டிவிட்டமையால், முழு ஓவியத்தையும் மீண்டும் ஒருமுறை வரைந்தார். இரண்டும் இன்று மாஸ்கோவிலும் பாசலிலும் உள்ளன. நகைப்பிற்குரியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, சொல்லுக்கும் உருவத்துக்கும் இடையே அவ்வட்டத்தார் கண்ட உறவை நன்கு காட்டுகிறது. ரூசோ மறைந்தபின் அப்போலினேர் அவர் கல்லறைக்கல்லில் தம் கையால் ஒரு கவிதை எழுதினார். அவ்வெழுத்துகளின் தடத்தைப் பற்றியே பிரான்குசி அதனைச் செதுக்கினார்.

நட்பின் உரம் 1911இல் சோதிக்கப்பட்டது. ஆகஸ்டு 21 அன்று லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா களவு போயிற்று. அப்போலினேரிடம் சிறிது காலம் செயலராக இருந்த பெல்ஜியர் ஒருவர், அதே அருங்காட்சியகத்திலிருந்து பழங்கால ஐபீரியச் சிற்பத் தலைகளைத் திருடி 1907இல் பிக்காசோவுக்கு விற்றிருந்தார். அச்சமுற்ற நண்பர் இருவரும் அவற்றைச் செய்தித்தாள் அலுவலகம் வாயிலாகத் திருப்பியளித்தனர். எனினும் செப்டம்பர் 7 அன்று அப்போலினேர் கைதுசெய்யப்பட்டார். விசாரணையின்போது பிக்காசோ அவரைத் தமக்குத் தெரியாதென மறுத்ததாகப் பலரும் குறிப்பிடுவர். பிக்காசோவும் அயல்நாட்டவர், நாடுகடத்தப்படுவோமோ என்னும் அச்சம் இருவருக்கும் பொதுவானது. இதனைக் கருதாது ஒருவரைக் கோழை என்றும் மற்றவரைத் தியாகி என்றும் எழுதுதல் வரலாறாகாது. செப்டம்பர் 12 அன்று அப்போலினேர் விடுவிக்கப்பட்டார். காயம் ஆறாமலில்லை. 1913 ஏப்ரலில் வெளிவந்த ‘ஆல்கூல்’ தொகுப்பின் முகப்பில் அமைந்தது பிக்காசோ வரைந்த கவிஞரின் உருவமே.

அந்நூல் அச்சுப்படி நிலையில் இருந்தபோது நிறுத்தக்குறிகள் அனைத்தையும் அவர் நீக்கினார். இதனைக் கியூபிசத்தின் நேரடி விளைவெனக் கூறுதல் மிகை. ஆனால் கண்ணுக்குப் புலப்படும் பரப்பாக ஏட்டின் பக்கத்தை அவர் நோக்கத் தொடங்கியமைக்கு வேறு சான்றுகள் உள. 1912இன் இறுதியில் ஓவியர் தெலோனே இணையர் இல்லத்தில் அவர் தங்கியிருந்தார். தெலோனேயின் பெர்லின் கண்காட்சிப் பட்டியலுக்காக, சன்னல்களைப் பொருளாகக் கொண்ட அவ்வோவியங்களின் தலைப்பிலேயே ஒரு கவிதை எழுதினார். அதே காலத்தில் வெளிவந்த அவர்தம் ஓவிய நூலுக்கு ‘அழகியல் சிந்தனைகள்’ என்பதையே அவர் தலைப்பாக விரும்பினார். கியூபிச ஓவியர் என்னும் துணைத்தலைப்பைப் பெரிதாக்கியவர் பதிப்பாளர். இலக்கண நூலென எதிர்பார்த்து அதனைக் குறைகூறுவோர் இதனைக் கருதவேண்டும்.

1914இல் சொற்களை உருவங்களாகச் சிதறி அமைத்த கவிதைகளை அவர் வெளியிட்டார். அவற்றைத் தொகுத்து ‘நானும் ஓவியனே’ எனும் பொருள்படும் தலைப்பில் நூலாக்க முனைந்தார், போர் தடுத்தது. இவற்றைச் சித்திரகவி என்று பெயர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். நாகபந்தம், இரதபந்தம் முதலியவற்றில் யாப்பமைந்த செய்யுள், முன்பே வகுத்த கட்டங்களில் பொருந்துகிறது. உருவத்தை நீக்கினும் செய்யுள் நிற்கும். அப்போலினேரிடம் வரியின் சிதறலே கவிதை. எங்கே தொடங்கிப் படிப்பது என்பதைக்கூடச் சில இடங்களில் வாசகரே முடிவுசெய்யவேண்டும். கியூபிச ஓவியத்தின்முன் நிற்பவரின் நிலையும் அத்தகையதே.

1914 டிசம்பரில் படையில் சேர்ந்த அவருக்கு 1916 மார்ச்சு 9 அன்று பிரெஞ்சுக் குடியுரிமை கிட்டியது. எட்டு நாள்களில், பதுங்குகுழியில் இதழொன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, குண்டுச்சிதறல் தலைக்கவசத்தைத் துளைத்து நெற்றிப்பொட்டைத் தாக்கியது. 1914இலேயே கிரிக்கோ தீட்டிய ஓவியம் ஒன்றில் கவிஞரின் நிழலுருத் தலையில் இலக்குக்குறி போன்ற வளைவு இருந்தமையை நண்பர்கள் பின்னர் வியப்புடன் சுட்டினர். 1917இல் ‘பராது’ என்னும் நடன நாடகத்திற்கு எழுதிய குறிப்பில், மீமெய்யியலைச் சுட்டும் பிரெஞ்சுச் சொல்லை அவர் ஆண்டார். அந்நாடகத்தின் திரையும் உடைகளும் பிக்காசோவினுடையவை.

தடைப்பட்டிருந்த உருவக்கவிதைகள், போர்க்காலக் கவிதைகளுடன் இணைந்து, 1918 ஏப்ரலில் ‘காலிகிராம்’ எனும் நூலாயின. மே 2 அன்று நிகழ்ந்த அப்போலினேரின் திருமணத்தில் பிக்காசோ சாட்சியாக நின்றார். சூலையில் பிக்காசோவின் திருமணத்தில் அப்போலினேர் சாட்சியானார். போர் நிறுத்தத்திற்கு இரு நாள் முன்பு, நவம்பர் 9 அன்று, நச்சுக்காய்ச்சல் அவர் உயிரைக் கவர்ந்தது. அகவை 38.

நினைவுச்சின்னம் அமைக்கும் பொறுப்பு பிக்காசோவிடம் வந்தது. 1928இல் அவர் கம்பிகளால் ஆக்கிக்காட்டிய மாதிரிகளை, வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும் அவ்வடிவங்களை, குழுவினர் ஏற்கவில்லை. 1959இல்தான், சேன் ழெர்மேன் தே பிரே தேவாலயத்தை அடுத்த சிறு பூங்காவில், கவிஞரின் பெயர் பொறித்த பீடத்தின்மேல் பிக்காசோவின் வெண்கலச் சிற்பம் ஒன்று நிறுவப்பட்டது. அது அப்போலினேரின் தலையன்று. தோரா மார் என்னும் பெண்ணின் தலை.